கண்ணாடிக் கூடத்து வெள்ளை ஈ

இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், வெல்க்ளோஸ் சதுக்கத்தில், நதானியேல் பாக்ஷா வார்டு என்னும் வைத்தியர் வசித்துவந்தார். சுற்றிலுமிருந்த தொழிற்சாலைகளின் கரிப்புகையால் தம் வீட்டு முற்றத்துச் சுவரில் நட்ட பெரணிச் செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக மடியக்கண்டு, மனம் சோர்ந்து அம்முயற்சியையே கைவிட்டிருந்த அவர், அந்துப்பூச்சி ஒன்று சிறகு பெற்று வெளிப்படும் காட்சியைக் காணும் ஆவலால், 1829-ஆம் ஆண்டில் அதன் கூட்டுப்புழுவை ஈரமான மக்கிய இலையுரத்தில் புதைத்து, ஒரு கண்ணாடிக் குப்பியில் மூடிவைத்தார். பூச்சி வெளிவருவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக, அவ்வுரத்திலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தாமாகவே தலைகாட்டின. யாரும் நீர் வார்க்காமலே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் அவை ஜீவித்திருந்தன. வார்டு வெளியூர் சென்றிருந்த சமயத்தில் மூடி துருப்பிடித்து மழைநீர் உட்புகுந்ததே அவற்றுக்கு முடிவாயிற்று.

இச்சிறு சம்பவத்திலிருந்து பிறந்த, வார்டு பெட்டி என்னும் மூடிய கண்ணாடிப் பெட்டி, செடிகளைக் கடல்கடந்து உயிருடன் கொண்டுசெல்லும் சாதனமாயிற்று. 1845-இல் கண்ணாடியின்மீது விதிக்கப்பட்டிருந்த வரியும் நீங்கவே, பிரபுக்களின் மாளிகைகளுக்கு மட்டுமே உரியதாயிருந்த கண்ணாடிச் செடிக்கூடம் நடுத்தரக் குடும்பங்களின் இல்லங்களையும் எட்டியது. ஆனால், குளிரையும் புகையையும் தடுத்து நின்ற அதே கண்ணாடி, மழையின் தாக்குதலினின்றும் இயற்கைப் பகைகளினின்றும் பூச்சிகளுக்கும் புகலிடம் தந்தது. அசுவினியும் மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் அங்கே ஆண்டு முழுவதும் பெருகின. 1856-இல் வெஸ்ட்வுட் என்னும் பூச்சியியல் அறிஞர் விவரித்த வெள்ளை ஈ, வெப்பக்கூடத்தின் பெயரையே தன் விஞ்ஞானப் பெயரில் தாங்கியிருப்பது மிகவும் பொருத்தமே.

அக்காலத்தார் கைக்கொண்ட பிரதான ஆயுதம் புகையிலை. தணலின்மேல் ஈரப்புகையிலையை இட்டுக் கூடம் முழுவதும் புகை மூட்டுவர். வரவேற்பறையில் வைத்த தொட்டிச் செடியாயின், மண் சரியாதபடி கையால் தாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து, புகையிலைக் கஷாயத்திலோ சோப்பு நீரிலோ இலைகளை முக்கியெடுப்பர். புகைக்கும் இலை என்று நம் முன்னோர் இட்ட பெயர், அந்தக் கண்ணாடிக் கூடங்களில் வேறொரு விதத்தில் மெய்யாயிற்று. பஞ்சினால் இலையின் அடிப்புறத்தைப் பொறுமையுடன் துடைத்தெடுத்த பணிப்பெண்களின் சேவை சரித்திரத்தில் இடம்பெறவில்லையாயினும், எத்தனையோ செடிகளைக் காத்தவை அக்கைகளே என்பது என் திடமான அபிப்பிராயம். பிற்காலத்தில் சயனைடு ஆவியையும் பிரயோகித்தனர். பூச்சியோடு மனிதனையும் கொல்லவல்ல அந்த விஷத்தைப்பற்றி விரித்துரைக்க மனம் ஒப்பவில்லை.

1926-ஆம் ஆண்டில் எல்ஸ்ட்ரீ என்னும் ஊரில், ஒரு தோட்டக்காரர் தம் தக்காளிச் செடிகளில் ஒரு விசித்திரத்தைக் கண்டார். இலையின் அடியில் வெளிறிய நிறத்தில் இருக்கவேண்டிய வெள்ளை ஈக் குஞ்சுகளில் சில, கன்னங்கறேலென்று மாறியிருந்தன. நோயுற்ற இலையைக் கிள்ளி நெருப்பிலிடுவதே வழக்கமாயிருந்த காலத்தில், அவர் அதனை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தது நம் வணக்கத்துக்குரிய செயல். செஸ்ஹண்ட் ஆராய்ச்சி நிலையத்தின் ஸ்பேயர் என்னும் அறிஞர் அக்கருங்குஞ்சுகளைப் பரிசோதித்து, அவற்றினுள் வளர்வது ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இல்லாத என்கார்சியா ஃபார்மோசா என்னும் குளவி எனக் கண்டறிந்தார். தாய்க்குளவி ஈக்குஞ்சினுள் முட்டையிடும். அதிலிருந்து தோன்றும் புழு குஞ்சின் உடலையே உணவாகக் கொண்டு வளர்ந்து, கருத்த ஓட்டில் வட்டமாகத் துளையிட்டு, சிறகுடன் வெளிப்படும். ஆண் துணையின்றியே பெண்மகவுகளை ஈனும் இயல்பினதாதலால், சில குளவிகளே வெதுவெதுப்பான ஒரு கூடத்தில் விரைவில் பல்கிவிடும். சில ஆண்டுகளுக்குள் அந்நிலையம் இக்குளவிகளை இலட்சக்கணக்கில் வளர்த்து, இங்கிலாந்தின் செடிப்பண்ணைகளுக்கு மட்டுமன்றிக் கடல்கடந்த நாடுகளுக்கும் அனுப்பிவந்தது.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் டி.டி.டி. என்னும் பூச்சிமருந்து வந்ததும் குளவியை நாடுவோர் இல்லாமற்போயினர். மருந்துக்கு அஞ்சாத பூச்சிகள் தோன்றிய பின்னரே, 1970-களையொட்டி மீண்டும் அதனைத் தேடினர். இன்று, கருங்குஞ்சுகள் ஒட்டிய சிறு அட்டை ஒன்று கூடத்துச் செடிகளின் கிளையில் தொங்குகிறது. ஒரு காலத்தில் வார்டு தம் குப்பியின் அருகே காத்திருந்ததைப்போல, செடியை வளர்ப்பவர்கள் அதன் அருகே சிறகு வெளிப்படும் நாளுக்காகக் காத்திருக்கிறார்கள்.