மஞ்சள் வாத்தும் செம்புக் கம்பியும்

சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக மாணவர்களை அழைத்துக்கொண்டு ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தோம். சாமை அறுவடை முடிந்திருந்த நேரம். பக்கத்து ஊரொன்றில் திருவிழா. திருப்பத்தூரிலிருந்து மலையேறி வந்திருந்த ஒரு வியாபாரி தரையில் தார்ப்பாய் விரித்துப் பொம்மைகளைப் பரப்பியிருந்தார். ஊதினால் பெருகும் குரங்கு, அமுக்கினால் கத்தும் மஞ்சள் வாத்து, சிவப்புத் துப்பாக்கி, பச்சைக் கார். பல் முளைக்கும் பருவத்துக் குழந்தை ஒன்று தாயின் இடுப்பில் அமர்ந்தபடி வாத்தின் தலையை ஈறுகளுக்கிடையே வைத்து ஊறப்போட்டுக்கொண்டிருந்தது. எங்களோடு வந்த வேதியியல் மாணவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதில் என்னதான் இருக்கும் ஐயா?" என்று கேட்டான். தமிழ் படித்தவர்களிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. ஆயினும் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதன் பின்னே சென்றபோது கண்ட வரலாற்றின் ஒரு பகுதியே இக்கட்டுரை.

நம் இலக்கியத்தில் பொம்மைக்குக் குறைவில்லை. குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் பாடலொன்றில் தச்சன் செய்து தந்த சிறுவண்டி வருகிறது. ஏறிச் செல்ல முடியாவிட்டாலும் கையால் இழுத்தே சிறுவர் இன்புறுகின்றனர். பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத முக்கால் சிறுதேர் உருள்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் சிறுதேரோடுதான் நிறைவுறுகிறது. இவற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பொம்மையைச் செய்தவன் யாரென்று ஊருக்குத் தெரியும். எந்த மரம், எந்தச் சாயம் என்று கேட்டால் சொல்ல ஆள் இருந்தான். குழந்தை கடித்தாலும் குற்றமில்லை என்று செம்மரத்தில் மரப்பாச்சி கடைந்ததும், பனையோலையில் கிலுகிலுப்பை முடைந்ததும் அந்த அறிமுகத்தின் வழிவந்தவையே.

இதைச் சொன்னவுடன் பழமை எல்லாம் தூய்மை என்ற முடிவுக்குத் தாவிவிடக் கூடாது. இந்திய ஓவியர்கள் கையாண்ட செந்நிறங்களில் ஒன்றான செந்தூரம் ஈயத்தின் ஆக்சைடு. மஞ்சள் நிறங்களில் ஒன்றான அரிதாரம் ஆர்சனிக்கின் சேர்மம். நஞ்சுக்கு நாட்டுப்பற்று கிடையாது. இடையில் ஒரு சொற்குறிப்பு: தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகிறது. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். குழந்தையின் மூளையைத் தாக்குவது காரீயம். முன்னது வீட்டுக்குள் இருந்ததால், பின்னதன் பெயரைக் கேட்டும் நமக்கு அச்சம் வரவில்லை போலும். இக்கட்டுரையில் இனி ஈயம் என்று வருவதெல்லாம் காரீயமே.

ஈயம் குழந்தைகளைக் கொல்லும் என்று உலகம் அறிந்த விதம் வேதனையானது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 1890களின் தொடக்கத்தில் கை கால் விழுந்தும் பார்வை மங்கியும் குழந்தைகள் வந்தவண்ணம் இருந்தனர். 1892இல் மருத்துவர்கள் இது ஈய நஞ்சு என்று அறிவித்தார்கள். எங்கிருந்து வந்தது என்பது மட்டும் புலப்படவில்லை. கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன் 1904இல் விடை சொன்னார்: வீட்டு வராந்தாவின் கம்பிகள். வெள்ளை ஈயச் சாயம் வெயிலில் காய்ந்து மாவாகி, பிடித்து விளையாடும் பிஞ்சுக் கைகளில் ஒட்டிக்கொள்கிறது; விரல் சூப்பும் குழந்தையும் நகம் கடிக்கும் குழந்தையும் அதை விழுங்குகின்றன. குவீன்ஸ்லாந்து இதற்குச் சட்டம் செய்தது 1922இல். நோயைக் கண்டு முப்பதாண்டு, காரணத்தைக் கண்டு பதினெட்டாண்டு கழிந்திருந்தன. 1914இல் அமெரிக்காவின் பால்டிமோரில் தொட்டிலின் சாயத்தைக் கொறித்த ஐந்து வயதுச் சிறுவனின் மரணத்தைத் தாமஸ், பிளாக்ஃபன் என்ற இரு மருத்துவர்கள் பதிவு செய்தனர். அங்கே 1955இல் வந்த தன்விருப்பத் தரநிலை, வீட்டின் உட்புறச் சாயத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு ஈயம் இருக்கலாம் என்றது. அதாவது பத்து இலட்சத்தில் 10,000 பங்கு. 1978இல் பொம்மைச் சாயத்தையும் உள்ளிட்டு அது 600 ஆயிற்று. 2009இல் 90. எண்கள் இறங்கிய வேகத்தைப் பாருங்கள். ஒவ்வொரு படிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், பொருளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகமாக இருந்தது குழந்தையின் உடல்தான்.

இந்தியாவிலும் அதுவே நடந்தது. பெங்களூருவின் ஜார்ஜ் அறக்கட்டளை சென்னை உள்ளிட்ட நகரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தி 1999இல் முடிவை வெளியிட்டது. சோதிக்கப்பட்ட பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம் இருந்தது. அன்று முதன்மைக் குற்றவாளி பெட்ரோல். 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நிறுத்தப்பட்டபின்தான் பார்வை சுவர்ச் சாயத்தின் மீதும் பொம்மையின் மீதும் திரும்பியது. டாக்சிக்ஸ் லிங்க் என்ற தில்லி அமைப்பைச் சேர்ந்த அபய் குமாரும் பிரசாந்த் பஸ்தோரும் தில்லி, மும்பை, சென்னைச் சந்தைகளில் பெயரில்லாப் பொம்மைகள் 111 வாங்கினார்கள். அவற்றில் 77 பிவிசி என்ற நெகிழியால் ஆனவை. சோதித்த பொம்மைகளில் ஈயமும் காட்மியமும் கூடியும் குறைந்தும் காணப்பட்டன. ஆய்வு 2007இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வந்தது.

அதே 2007ஆம் ஆண்டை உலகம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. ஜூன் மாதம் தாமஸ் என்ற பெயர்பெற்ற மர ரயில் பொம்மைகள் ஏறத்தாழ 15 லட்சம், மேற்சாயத்தில் ஈயம் இருந்ததால் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் தன் பிஷர்-பிரைஸ் பொம்மைகளில் உலகெங்கும் 15 லட்சத்தைத் திரும்பப் பெற்றது. மர ரயில் என்பதை நாம் அடிக்கோடிட விரும்புகிறோம். மரம் நல்லது, நெகிழி கெட்டது என்ற எளிய கணக்கு அந்த ஜூனிலேயே பொய்த்துவிட்டது. இந்தியாவிலோ பொம்மைகளுக்குக் கட்டாயத் தரம் வேண்டுமென்று மும்பை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு நடந்தது. 2009 ஜனவரி 23 அன்று சீனப் பொம்மைகளின் இறக்குமதிக்கு ஆறு மாதத் தடை வந்தது. மார்ச் மாதமே, பன்னாட்டுத் தரச் சான்று இருந்தால் வரலாம் என்று தளர்ந்தது. 2010இல் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் தில்லியில் வாங்கிய 24 பொம்மைகளைத் தன் ஆய்வகத்தில் சோதித்தது. அனைத்திலும் தாலேட்டுகள் இருந்தன. ஏறக்குறைய பாதியில் பன்னாட்டு வரம்பை மீறியிருந்தன.

தாலேட்டு என்றால் என்ன என்று நாமும் ஒரு வேதியியல் நண்பரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். பிவிசி இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாயை நினைத்துக்கொள்ளலாம். அதை வாத்தாக வளைக்க வேண்டுமானால் எண்ணெய் போன்ற ஒரு நெகிழ்த்தி சேர்க்க வேண்டும். அந்த நெகிழ்த்தி நெகிழியோடு வேதிப் பிணைப்புக் கொள்வதில்லை. மாவில் கலந்த எண்ணெய்போல் உள்ளே தங்கியிருக்கும். சப்பச் சப்ப உமிழ்நீரோடு வெளியேறும். சில வகைத் தாலேட்டுகள் இனப்பெருக்க வளர்ச்சியைப் பாதிப்பவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 1999 டிசம்பரிலேயே, மூன்று வயதுக்குட்பட்டோர் வாயில் வைக்கும் பொம்மைகளில் அவற்றைத் தற்காலிகமாகத் தடுத்து, 2005இல் அதை நிலையான சட்டமாக்கியது.

ஈயச் சோதனையின் முறை, இலக்கியம் படித்த நமக்கு ஓர் உருவகம் போலவே தோன்றியது. பொம்மையின் சாயத்தைச் சுரண்டி எடுக்கிறார்கள். அதன் எடையைப்போல் ஐம்பது மடங்கு நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடுகிறார்கள். வெப்பம் 37 பாகை, அதாவது உடம்பின் சூடு. ஒரு மணி நேரம் குலுக்கல், ஒரு மணி நேரம் அசையாத ஓய்வு, வெளிச்சம் படாமல். பிறகு வடிகட்டி, அமிலத்தில் எவ்வளவு உலோகம் கரைந்திருக்கிறது என்று கருவியால் அளக்கிறார்கள். ஆம், அது ஒரு வயிறு. குழந்தையின் வயிற்றுக்குப் பதிலாகக் கண்ணாடிக் குடுவை. இந்தியத் தரநிலை 9873இன் மூன்றாம் பகுதி இதைத்தான் சொல்கிறது. எட்டுத் தனிமங்களுக்கு வரம்பு. கிலோவுக்கு ஈயம் 90 மில்லிகிராம், ஆர்சனிக் 25, காட்மியம் 75. பிரிஸ்பேனில் குழந்தைகளுக்கு நேர்ந்ததைக் குடுவைக்கு நேரவைப்பதற்கு மனிதகுலம் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு.

இத்தரநிலை நெடுங்காலம் உள்நாட்டில் விருப்பமிருந்தால் பின்பற்றும் ஒன்றாகவே கிடந்தது. 2019இல் இந்தியத் தரக் குழுமம் தில்லிச் சுற்றுவட்டாரத்தில் 121 வகைப் பொம்மைகளைச் சோதித்தபோது மூன்றில் இரண்டு பங்கு தேறவில்லை. 2020 பிப்ரவரியில் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. 2021 ஜனவரி 1 முதல், பதினான்கு வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிற்று.

இங்கேதான் நமக்கு மனம் இரண்டுபட்டது. சென்னபட்டணத்திலும் ஆந்திரத்தின் ஏடிகொப்பாகாவிலும் பொம்மை கடைவது வெட்பாலை மரத்தில். தோல் நோய்க்குத் தைலம் காய்ச்சச் சித்த மருத்துவர் தேடும் அதே வெட்பாலைதான். இந்த மலைக்காடுகளுக்கும் அது அயல் அன்று. நம் அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் அதுபோல் கடைசல் பிடித்து அரக்குச் சாயம் ஏற்றியதே. சிறு பட்டறையில் கடைசல் பிடிப்பவர், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு வடிவத்துக்கும் ஆய்வகக் கட்டணம் செலுத்த முடியுமா? முடியாது என்பதை ஏற்று, 2020 டிசம்பரில் பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் அரசு விலக்களித்தது. நாமும் அன்று மகிழ்ந்தோம்.

மகிழ்ச்சி முழுமையாக நிலைக்கவில்லை. அமெரிக்காவிலும் இதே சிக்கல் எழுந்தது. 2008இல் அங்கே கட்டாயச் சோதனைச் சட்டம் வந்ததும் கையால் பொம்மை செய்வோர் தொழில் அழியும் என்று முறையிட்டனர். 2011இல் சிறு உற்பத்தியாளருக்குச் சலுகை கிடைத்தது. ஆனால் மேற்பூச்சில் ஈயம் உண்டா என்ற சோதனையிலிருந்து மட்டும் அவர்களுக்கும் விலக்கில்லை. சாயம் பூசாத மரத்துக்கோ அச்சோதனையே வேண்டியதில்லை. இந்தப் பகுப்பு நமக்குச் சரியாகப் படுகிறது. கேள்வி மரத்திடம் இல்லை. மரத்தின் மேல் பூசியதிடம் இருக்கிறது. ஏடிகொப்பாகாவில் சி. வி. ராஜு செயற்கைச் சாயங்களைத் தவிர்த்து, தாவரச் சாயங்களை மீட்டெடுத்தார். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆனால் எல்லாப் பட்டறையிலும் ஒரு ராஜு இல்லை. கடைச் சாயத்தை வாங்கிப் பூசும் கைவினைஞருக்கு அதில் என்ன இருக்கிறதென்று சொல்வார் யார்? விலக்கு கொடுத்த கையோடு, சாயத்தை இலவசமாகச் சோதித்துத் தரும் பொறுப்பையும் அரசு ஏற்றிருக்கலாம். கைவினைஞரின் குழந்தையும் அந்தப் பட்டறைத் தூசியில்தானே தவழ்கிறது.

வாத்துக்கு வருவோம். குழந்தையிடமிருந்து பிடுங்கவில்லை, அதே வாத்தை இன்னொன்று வாங்கி வந்தோம். கல்லூரி ஆய்வகத்தில் நண்பர் பெயில்ஸ்டைன் சோதனை செய்து காட்டினார். 1872ஆம் ஆண்டு முறை; டாக்சிக்ஸ் லிங்க் ஆய்வாளர்கள் பிவிசியைப் பிரித்தறியக் கையாண்டதும் இதுவே. செம்புக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி வாத்தின் வாலில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினார். (புகைபோக்கிக்கு அடியில்தான், வீட்டில் யாரும் முயல வேண்டாம்.) சுடர் பச்சையாக எரிந்தது. குளோரின் இருக்கிறது, பெரும்பாலும் பிவிசி என்றார். தாலேட்டு உண்டா, ஈயம் உண்டா என்று செம்புக் கம்பி சொல்லாது. கண்ணில் வைத்திருந்த கருப்புச் சாயத்தைச் சுரண்டினோம். தரநிலைப்படி சோதிக்கக் குறைந்தது பத்து மில்லிகிராம் வேண்டுமாம். ஒரு வாத்தின் இரண்டு கண்களில் அது தேறவில்லை.

மறு ஆண்டு முகாமின்போது அதே திருவிழாவில் அதே வியாபாரியைக் கண்டோம். ஐஎஸ்ஐ முத்திரை இட்ட பொம்மை இருக்கிறதா என்று நம் மாணவன் கேட்டான். அவர் தார்ப்பாய் முழுதும் ஒருமுறை கண்ணை ஓட்டினார். "பாரிமுனையில எடை போட்டு வாங்கியாறது தம்பி, இதுல முத்திரையெல்லாம் எங்க இருக்கும்? அந்த மாதிரி டவுன்ல பெரிய கடையில கேளுங்க, முந்நூறு நானூறு சொல்லுவாங்க. இங்க இருபது ரூபாய்க்கு மேல யாரு எடுக்கறாங்க?" என்றார். அதற்குள் ஒரு பாட்டி பேரனோடு வந்துவிடவே, அவர் பச்சைக் காரை எடுத்து ஓட்டிக் காட்டத் தொடங்கினார்.