ஜகார்த்தாவில் வென்ற பள்ளி ஆசிரியர்

1962ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலாயாவின் காற்பந்துக் குழு வெண்கலம் வென்றதை மூத்தோர் அறிவர். தங்கம் வென்றது இந்தியா. அக்குழுவைப் பயிற்றிய ஐதராபாத்து சையத் அப்துல் ரஹீம் தொழிலால் பள்ளி ஆசிரியர் என்பதை அறிந்தவர் சிலரே.

1909இல் பிறந்த ரஹீம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பயின்றபோது காற்பந்தாடிப் பெயர் பெற்றார். பின்னர்ப் பள்ளிகளில் கற்பித்தார். உடற்கல்வியிலும் பட்டயம் பெற்றார். 1950 முதல் ஐதராபாத்து நகரப் போலீசுக் குழுவின் பயிற்சியாளர்.

1952இல் ஹெல்சிங்கியில் இந்தியர் பலர் வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றனர். அத்தோல்விக்குப் பின்னரே காலணி கட்டாயமாயிற்று. 1956இல் மெல்போர்னில் ரஹீமின் குழு ஆஸ்திரேலியாவை 4–2 என்று வென்று, ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்றது.

ஜகார்த்தாவிலும் தொடக்கம் தோல்வியே. முதல் ஆட்டத்தில் தென்கொரியா 2–0 என்று வென்றது. இடையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம், தையல் போட்டார்கள். வேறொருவராயின் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீமோ அவரை முன்னணிக்கு மாற்றினார். மாணவனின் வலிமை எங்கே இருக்கிறது என்று தேடுவது ஆசிரியர் பழக்கமல்லவா! அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல் என ஜர்னைல் போட்டார். இந்தியா 2–1 என்று வென்றது.

அப்போதே ரஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. 1963 ஜூன் 11இல் அவர் காலமானார்.