கீழாநெல்லி போய் வந்த தூரம்

எங்கள் மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை தெரியாதவர் இல்லை, கீழாநெல்லி தெரியாதவரும் இல்லை. மழை விட்டதும் வாய்க்கால் கரையிலும் வயல் வரப்பிலும் தானாக முளைக்கும். காமாலை என்றால் வேரோடு பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் கிடையாது.

இந்தச் செடி அச்சேறிய கதை சுவையானது. கொச்சியில் டச்சுக்காரர்களின் தளபதியாக இருந்த வான் ரீடே, இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் போன்றவர்களிடம் கேட்டுத் தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. அதில் இது 'கிர்கனெலி'. பாஸ்தி சிறை தகர்ந்த அதே 1789-இல் பாரிஸில் ழுஸ்ஸியு என்ற தாவர அறிஞர் அந்தப் பெயரிலிருந்தே 'கிர்கனெலியா' என்று ஒரு பேரினத்தை உண்டாக்கினார். பிரெஞ்சில் படித்தவன் எனக்கு இதில் தனி மகிழ்ச்சி. பிரெஞ்சுக்காரர்களும் வயிறு சரியில்லை என்றாலே ஈரலைத்தான் குற்றம் சொல்வார்கள். 'கிரீஸ் து ஃபுவா' என்பது அவர்கள் வீட்டு வியாதி.

பிறகு ஆய்வுக்கூடங்கள் வந்தன. ஒரு காலத்தில் துணி வெளுக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட கார்பன் டெட்ராகுளோரைடை எலிக்குக் கொடுப்பார்கள். அதை ஈரல் உடைக்கும்போது பிறக்கும் துணுக்கு, செல்லின் கொழுப்புச் சவ்வையே அரிக்கும். உள்ளே இருக்கும் நொதிகள் ரத்தத்தில் கசியும். நம் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று வருகிறதே, அதுதான். கீழாநெல்லிச் சாறு கொடுத்த எலிகளில் இந்தக் கசிவு குறைந்தது. ஆனால் பல சோதனைகளில் சாற்றை முன்னதாகவே கொடுத்துவிட்டுத்தான் விஷத்தைக் கொடுத்தார்கள். அது கேடயம், காயத்துக்குக் கட்டு அல்ல.

1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்கும், உடன் உழைத்தவர்களும் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லிப் பொடி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு அந்த வைரஸின் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது. வெறும் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான். ஊரெங்கும் பேச்சு. மற்ற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அந்தச் செய்தி மட்டும் எங்கள் ஊர் வரை வரவில்லை.

தண்ணீரில் பரவும் ஹெபடைட்டிஸ் ஏ காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே இறங்கிவிடும். பெயர் செடிக்குப் போகும். என் பெரியம்மா மகனுக்கு அப்படி இறங்கவில்லை. மூன்று வாரம் மோரில் கலக்கிக் கொடுத்துக் காத்திருந்தார்கள். திருச்சியில் ஸ்கேன் எடுத்தபோது பித்தநாளத்தில் கல். அதை எடுத்த பிறகுதான் கண்ணில் மஞ்சள் வடிந்தது.