மிஸ் சொல்லாமல் வெளியே போகலாமா?

சென்ற மாதம் என் மகளின் பள்ளியில் தீ ஒத்திகை நடந்தது. இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, பெல் அடிச்சதும் எல்லாரும் லைன்ல நின்னோம். மிஸ் முன்னாடி போனாங்க, நாங்க கையைக் கட்டிக்கிட்டு பின்னாடியே போனோம். யாருமே பேசல." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். "மிஸ் கிளாஸ்ல இல்லாதப்ப நெருப்பு வந்தா? சொல்லாம வெளிய போகலாமா?"

"போகலாம்மா" என்றேன். சொல்லிய பிறகுதான் உறுத்தியது. பாத்ரூம் போகக்கூட எழுந்து நின்று அனுமதி கேட்க வேண்டும் என்று அவளைப் பழக்கியிருக்கிறோம். அந்த ஒரு நாள் மட்டும் அந்தப் பழக்கத்தை அவள் எப்படி மீறுவாள்?

இந்தக் கேள்விக்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கிறது. 1958 டிசம்பர் 1, திங்கட்கிழமை. சிகாகோவில் 'அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்' என்ற கத்தோலிக்கப் பள்ளி. மாலை பெல் அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அடித்தளத்தில், ஒரு மாடிப்படியின் கீழே தீப்பிடித்தது. அந்தப் படிக்கட்டு மரத்தாலானது. தீ அதன் வழியே மேலேறியது. கீழ்த்தளத்தில் தீத்தடுப்புக் கதவு இருந்தது, மாடியில் இல்லை. அதனால் புகை நேராக மாடி நடைபாதையில் நிறைந்தது. வகுப்பறைக்குள் இருந்தவர்கள் உணர்ந்தபோது வெளியேறும் வழி அடைபட்டிருந்தது. ஜன்னலிலிருந்து தரை ஏறக்குறைய 25 அடி கீழே. 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் இறந்தார்கள்.

அந்தப் பள்ளியிலும் தீ ஒத்திகைகள் நடந்துகொண்டுதான் இருந்தன. சில வாரங்களுக்கு முன்னால் அதிகாரிகள் வந்து பார்த்து, கட்டடம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டும் போயிருந்தார்கள். 1949-இல் சிகாகோ நகரம் கொண்டுவந்த புதிய விதிகள் புதிதாகக் கட்டும் பள்ளிகளுக்கு மட்டும்தான். பழைய கட்டடத்துக்கு விலக்கு. ஆக, காகிதத்தில் எல்லாம் ஒழுங்கு.

அன்று மாடியில் இரண்டு ஆசிரியைகளுக்குப் புகை வாடை தெரிந்தது. பள்ளியைக் காலி செய்யச் சொல்லும் அதிகாரம் தலைமைக் கன்னியாஸ்திரீக்கு மட்டும்தான் என்பது அங்கே விதி. ஒருவர் அவரைத் தேடி அலுவலகத்துக்கு ஓடினார். அவர் அங்கே இல்லை. வராத ஓர் ஆசிரியைக்குப் பதிலாக வேறொரு வகுப்பில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்த ஆசிரியை இதற்குமேல் காத்திருக்கவில்லை. இருவரும் தங்கள் வகுப்புப் பிள்ளைகளை அனுமதி இல்லாமலே கீழே இறக்கி வெளியே கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பிள்ளைகள் பிழைத்தார்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் சிகாகோ மட்டுமில்லை.

2004-இல் நான் தஞ்சை மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் வகுப்புக்குக் கீற்றுக் கொட்டகைதான். வெயிலுக்குக் குளுமையாக இருக்கும், மழைக்கு ஒழுகும், அணில் குடியிருக்கும். அதை ஆபத்து என்று யாரும் நினைத்ததில்லை. அந்த வருடம் ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் கீற்றுப் பந்தல் பற்றிக்கொண்டு, மாப்பிள்ளை உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்திருந்தார்கள். வீட்டில் ஒரு வாரம் அதையே பேசினோம். ஆனாலும் திங்கட்கிழமை காலை அதே கீற்றுக் கொட்டகையில்தான் போய் உட்கார்ந்தோம். பந்தல் வேறு, பள்ளிக்கூடம் வேறு என்று எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும்.

ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில், ஒரே வளாகத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு இயங்கிய பள்ளிகள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ, மாடி வகுப்புகளின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. அதிகாரிகள் ஆய்வுக்கு வருவார்கள் என்று வேறு வகுப்புப் பிள்ளைகளையும் மாடிக்கு அழைத்துவந்து உட்கார வைத்திருந்ததாக அப்போது செய்திகள் வந்தன. கூரை எரிந்து அவர்கள் மேலேயே விழுந்தது. 94 குழந்தைகள். எல்லாரும் ஆரம்பப் பள்ளி வயதுக்காரர்கள்.

அடுத்த சில நாட்களில் எங்கள் பள்ளியின் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். மரத்தடியில் பாடம் நடந்தது. ஆனால் நெருப்பு வந்தால் என்ன செய்வது என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. கீற்று போனதும் ஆபத்தும் போய்விட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். நானும்தான்.

கும்பகோணம் முதல் எச்சரிக்கை இல்லை. 1995 டிசம்பர் 23 அன்று ஹரியானாவின் டப்வாலியில், ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போட்ட துணிப் பந்தல் எரிந்து 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் குழந்தைகள். கும்பகோணத்துக்குப் பிறகு தொடரப்பட்ட ஒரு பொதுநல வழக்கில், 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது: கல்வி பெறும் உரிமைக்குள்ளேயே பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அடங்கும். தஞ்சாவூர் நீதிமன்றத்தில் குற்ற வழக்கின் தீர்ப்பு 2014 ஜூலை 30 அன்று வந்தது. அதற்குள் பத்து வருடம் ஓடிவிட்டது.

சரி, பிள்ளைகளுக்கு எப்போது சொல்லித்தருகிறோம்? அமெரிக்காவில் 1871 அக்டோபரில் சிகாகோ நகரம் எரிந்ததன் நினைவாக, அக்டோபர் 9 வரும் வாரத்தைத் தீத்தடுப்பு வாரமாக வைத்திருக்கிறார்கள். அப்போது பள்ளிகள் முழு மூச்சில் நடக்கும். நம்முடையது ஏப்ரல் 14 முதல் 20 வரை. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக வைத்தது. மரியாதைக்குரிய காரணம். ஆனால் தமிழ்நாட்டில் அன்று புத்தாண்டு விடுமுறை. அந்த வாரம் முழு ஆண்டுப் பரீட்சை நேரம். பாடம் நடத்த வேண்டிய வாரத்தில் கேட்கப் பிள்ளைகளுக்கு நேரமில்லை.

மிச்சம் இருப்பது தீபாவளி நேரத்துப் பாடம்: வாளியில் தண்ணீர் வை, பருத்தித் துணி போடு, கம்பி மத்தாப்பைத் தள்ளிப் பிடி. இவையெல்லாம் தேவைதான். ஆனால் தீ விபத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது புகை என்பதோ, புகை மேலே நிற்கும், தரையோடு தரையாகத் தவழ்ந்து போக வேண்டும் என்பதோ அதில் வராது. உடையில் தீப்பிடித்தால் ஓடாதே, முகத்தை மூடிக்கொண்டு தரையில் உருளு என்பதும் வராது. சுட்ட இடத்தில் இங்க், பேஸ்ட், தோசை மாவு எதுவும் தடவாமல் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டணும் என்பது பெரியவர்கள் பலருக்கே தெரியாது.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எங்கள் வேலையில் ஒரு பாடம் உண்டு. எல்லாம் சரியாக நடக்கும் வழியை மட்டும் சோதித்துப் பார்த்தால் அது சோதனையே இல்லை. பேக்கப் எடுத்திருக்கிறோம் என்பார்கள். அதை ஒருமுறையாவது திரும்ப ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டால் முழிப்பார்கள். மகளின் பள்ளி ஒத்திகையும் அப்படித்தான் எனக்குத் தோன்றியது. மிஸ் இருக்கிறார், வழி திறந்திருக்கிறது, புகை இல்லை. வழக்கமான படிக்கட்டை அடைத்துவிட்டு ஒருமுறை, ஆசிரியை வகுப்பில் இல்லாதபோது ஒருமுறை ஒத்திகை பார்த்தால்தானே பிள்ளைகளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று நமக்குப் புரியும்?

அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே நாங்கள் ஒத்திகை பார்த்தோம். மூன்றாம் மாடி. லிஃப்டைத் தொடக்கூடாது, கதவைத் திறக்கும் முன் புறங்கையால் தொட்டுச் சூடு பார்க்கணும், யாரையும் கேட்காமல் இறங்கணும், பொம்மைக்காகத் திரும்பக்கூடாது, கீழே வேப்பமரத்தடியில் காத்திருக்கணும். முன்பக்கப் படிக்கட்டில் அழகாக இறங்கிவிட்டாள். "இப்ப அந்தப் பக்கம் ஒரே புகை, என்ன பண்ணுவே?" என்றேன். பின்பக்கப் படிக்கட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

கீழ்த்தளத்தில் இரும்புக் கதவு. பூட்டு. அதை ஒட்டி இரண்டு பழைய சைக்கிள், நாலு பெயின்ட் டப்பா. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். "சாவி செக்ரட்டரி சார்கிட்ட இருக்கு சார், திருட்டு பயம்" என்றார். ஐந்து வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன். ஒரு நாள்கூட அந்தப் படிக்கட்டில் நான் இறங்கியதில்லை.

மகள் பூட்டை இழுத்துப் பார்த்தாள். "சொல்லாம போகலாம்னு சொன்னீங்க. பூட்டியிருக்கேப்பா?"

அன்று மாலையே குடியிருப்போர் சங்கத்துக்கு எழுதினேன். உள்ளிருந்து தள்ளினால் திறக்கிற, வெளியிலிருந்து திறக்க முடியாத தாழ்ப்பாள் கடையில் கிடைக்கிறது, செலவை நானே ஏற்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. சைக்கிளையும் டப்பாக்களையும் நானும் வாட்ச்மேன் அண்ணனுமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டோம். பூட்டு இன்னும் அங்கேயே தொங்குகிறது. கூட்டம் வரும் ஞாயிற்றுக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு போவதாக இருக்கிறேன்.