காஞ்சி இளவரசனும் கொல்கத்தாவின் மரச்செதுக்குப் படங்களும்

காஞ்சி நகரத்து இளவரசன் ஒருவன் வங்க இலக்கியத்தின் புகழ்பெற்ற கதைத் தலைவனாக விளங்குகின்றான் என்பது, வங்கத்தில் குடியேறி வாழும் தமிழருள்ளும் பலர் அறியாத செய்தியாகும். சுந்தரன் என்பது அவன் பெயர். வாதத்தில் தன்னை வெல்பவனையே மணப்பேன் என்று சூளுரைத்த பர்துவான் அரசகுமாரி வித்யாவை நாடி அவன் வருகின்றான். ஹீரா என்னும் பூக்காரியின் இல்லத்தில் தங்கி, அங்கிருந்து சுரங்கவழியே அவளை அடைகின்றான். புலவர் பலர் பாடிய இப்பழங்கதையைக் கிருஷ்ணநகர் அவைப்புலவர் பாரதசந்திரர், 1752-இல் நிறைவு செய்த ‘அன்னதாமங்கள்’ காவியத்தில் அமைத்தார்.

அக்காவியத்தை 1816-இல் கங்காகிஷோர் பட்டாச்சாரியர் 6 படங்களுடன் அச்சிட்டு வெளியிட்டார். வங்க மொழியில் படங்களுடன் வந்த முதல் அச்சுநூல் இதுவே என்பர். ராம்சந்த் ராய் என்னும் செதுக்குநரின் பெயர் அதில் பொறிக்கப்பட்டுள்ளது.

பின்னர் வடகொல்கத்தாவில் சோபாபஜார், சித்பூர் வட்டாரத்தில் சிற்றச்சகங்கள் பெருகின. ‘பட்தலா’, அதாவது ஆலமரத்தடி, என்று அவ்வட்டாரம் வழங்கப்பட்டது. புராணக் கதைகளும் பஞ்சாங்கங்களும் அங்கிருந்து மலிவு விலையில் நாடெங்கும் சென்றன. 1857-ஆம் ஆண்டில் மட்டும் கொல்கத்தாவில் 5 லட்சத்திற்கு மேற்பட்ட வங்க நூற்பிரதிகள் அச்சாயின என்று பாதிரியார் ஜேம்ஸ் லாங் கணக்கிட்டார்.

இந்நூல்களுக்கு மரக்கட்டை ஏன் ஏற்றதாயிற்று? செப்புத் தகட்டில் கோடுகள் பள்ளமாக வெட்டப்படும்; அதனை அச்சிடத் தனிப்பொறி வேண்டும். மரக்கட்டையிலோ வெள்ளையாக இருக்கவேண்டிய பகுதிகள் செதுக்கி நீக்கப்படும். கோடுகள் மேடாக நிற்கும். ஆகவே ஈய எழுத்துக்களோடு கட்டையையும் ஒரே சட்டத்தில் பூட்டி, ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். செலவு குறைந்தது, எழுத்தறியாதவரும் கதையைக் கண்ணாற்கண்டு அறிந்தனர். செதுக்குநர் எல்லாவற்றையும் இடவலமாக மாற்றிச் செதுக்கவேண்டும். ஒரு கோடு உடைந்தால் கட்டையே வீணாகும்.

அக்கலைக்கு இருவகையில் இடர் வந்தது. பட்தலா நூல்கள் கீழ்த்தரமானவை என்று கற்றோர் ஒதுக்கினர். ஆதலின் அவற்றுட் பல பேணப்படாது அழிந்தன. கல்லச்சும் வண்ணப்படமும் வேறொரு பக்கம் நெருக்கின. தம் இராமாயண நூலின் ஓவியங்கள் மரக்கட்டையில் சிதைந்ததைக் கண்ட உபேந்திரகிஷோர் ராய், 1895-இல் புள்ளிப்பட அச்சுமுறையைக் கொல்கத்தாவில் தொடங்கினார். கட்டைச் செதுக்குநரின் காலம் மெல்ல மறைந்தது.

நம் நாட்டிலும் பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் நல்லதங்காள் கதையும் இத்தகைய படங்களோடுதான் திண்ணைகளை அடைந்தன. அவற்றைப் படித்தோரை நினைவுகூரும் நாம், படங்களைச் செதுக்கியோரின் பெயரைக் கேட்டதில்லை. ராம்சந்த் ராயின் பெயர் நின்றது அரிய பேறு.

எனினும் உளியின் ஓசை முற்றும் ஓயவில்லை. சித்பூர் சாலை இன்று ரவீந்திர சரணி எனப்படுகின்றது. அங்குள்ள நூதன் பஜாரில் சந்தேஷ் இனிப்புக்கான மர அச்சுகள் விற்கப்படுகின்றன. மீனும் சங்கும் பூவும் அவற்றில் இடவலம் மாறியே செதுக்கப்பட்டிருக்கின்றன. இனிப்பைச் சுவைக்கும்போது அதன்மீதுள்ள கோடுகளையும் ஒருமுறை நோக்குவோமாக.