தறிகள் ஓய்ந்த கதை

நாவிதன்வெளி வயல் சார்ந்த ஊர். கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வந்து, சற்று வடக்கே சென்றால் மருதமுனை. கைத்தறிக்குப் பெயர்பெற்ற முஸ்லிம் ஊர்.

1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அந்நியத் துணி அரிதாகவே, உள்ளூர்ச் சாரத்துக்கும் சேலைக்கும் சந்தை கிடைத்தது. வீடுகளே நெசவுசாலைகளாயின. ஆயினும், அதே நெசவாளர் பாணுக்காக வரிசையில் நிற்கவும் நேர்ந்தது.

1977 ஜூலைத் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜயவர்தன அரசு, அவ்வாண்டு நவம்பரில் சந்தையைத் திறந்துவிட்டது. விசைத்தறியில் நெய்த வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து குவிந்தது. வாங்குவோருக்கு அது ஆதாயமே. நெசவாளருக்கோ, கடையில் பொருள் இருந்தது. வாங்கக் கையில் வருமானம் இல்லை. தறிகள் பல ஓய்ந்தன. 1978 இல் அமைந்த கட்டுநாயக்க வர்த்தக வலயத்தின் ஆடைத் தொழிற்சாலைகளும் இறக்குமதித் துணியையே தைத்தன.

விசைத்தறி 1977 இல் புதிதாகப் பிறந்ததன்று. கைத்தறியை வீழ்த்தியது இயந்திரம் மட்டுமல்ல. ஈடுகொடுக்க அவகாசம் தராத அரசியல் முடிவும்தான்.

2021 மே மாதம் இது தலைகீழாக நிகழ்ந்தது. இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போக விதைப்பு தொடங்கிவிட்டது. நாடெங்கும் நெல் விளைச்சல் சரிந்தது. இம்முறை அடிபட்டவர் நாவிதன்வெளி போன்ற ஊர்களின் உழவர்.

கதவைத் திறப்பதா, மூடுவதா என்பதில் கட்சிகள் வேறுபடலாம். தறிக்காரரையும் வயற்காரரையும் கேளாமல் முடிவெடுப்பதில் மட்டும் வேறுபாடு காணோம்.