பலகைக்கு அடியில் துடித்த இதயம்

1843 சனவரித் திங்களில் பாஸ்டன் நகரில் 'பயனியர்' என்னும் புதிய திங்களிதழ் வெளிவந்தது. மூன்று இதழ்களோடு அது நின்றுபோயிற்று. ஆயினும் அதன் முதல் இதழில் எட்கர் ஆலன் போ எழுதிய 'காட்டிக்கொடுத்த இதயம்' என்னும் சிறுகதை, அமெரிக்கப் பள்ளிகளில் இன்றும் பாடமாக நடத்தப்பட்டு வருகிறது. பெயர் கூறப்படாத ஒருவன் தன்னோடு ஒரே வீட்டில் வாழும் முதியவரைக் கொல்கிறான். பொன்னாசை இல்லை, பகையும் இல்லை; அவருடைய வெளிறிய நீலக் கண்ணை அவனால் பொறுக்க இயலவில்லை. உடலைத் துண்டித்துத் தரைப்பலகைகளுக்கு அடியில் மறைக்கிறான். விசாரிக்க வந்த மூன்று காவலர்களையும் அதே அறையில் அமர்த்தி உரையாடுகிறான். அப்போது ஓர் இதயத் துடிப்பு அவன் செவியில் விழத் தொடங்குகிறது. ஓசை பெருகப் பெருகத் தாங்கமாட்டாமல் தானே அலறி உண்மையைச் சொல்லிவிடுகிறான்.

மனச்சான்றை எவராலும் புதைக்க முடியாது என்று கரும்பலகையில் எழுதிப் பாடத்தை முடித்துவிடலாம். இந்த விளக்கத்திற்கு வரலாற்றுத் துணையும் உண்டு. 1830 ஏப்ரலில் சேலம் நகரில் ஜோசப் வைட் என்னும் 82 வயதுச் செல்வர் உறக்கத்திலேயே கொல்லப்பட்டார். அவருடைய சொத்தின்மேல் கண்வைத்த நாப் சகோதரர் இருவர் கூலிக்கு ஆள் அமர்த்திச் செய்வித்த கொலை அது. கூலிக்குக் கொன்றவன் சிறையில் தூக்கிட்டுக்கொண்டான். சகோதரர் இருவரும் அவ்வாண்டிலேயே தூக்கிலிடப்பட்டனர். அவ்வழக்கில் அரசுத் தரப்பில் வாதிட்ட டேனியல் வெப்ஸ்டர், கொலைகாரனின் இரகசியம் அவனையே அடிமைகொண்டு இறுதியில் வெளிப்பட்டே தீரும் என்று முழங்கினார். அச்சில் பரவிய அவ்வுரையே போவின் கதைக்கு ஒரு வித்து என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

ஆனால் வெப்ஸ்டரின் உரையில் உள்ள மனச்சான்று போவின் கதையில் உள்ளதா? கொன்றவன் ஓரிடத்திலும் வருந்தவில்லை. முதியவர் இறந்ததும் மகிழ்ச்சியோடு புன்னகைக்கிறான். தன் சாமர்த்தியத்தையே கதை நெடுகப் புகழ்ந்துகொள்கிறான். இறுதியில் அலறும்போதும், காவலர்கள் எல்லாம் அறிந்துகொண்டு தன்னை ஏளனம் செய்கிறார்கள் என்னும் சினமே மேலோங்குகிறது. உத்தம மனஸ்தாபத்தையும், தண்டனைக்கு அஞ்சிப் பிறக்கும் குறை மனத்துயரையும் 1551இல் திரிதெந்தீன் சங்கம் வேறுபடுத்திக் கூறியதை மறைக்கல்வியில் நாம் பயின்றுள்ளோம். குறை மனத்துயருக்குங்கூடப் பாவத்தை விட்டுத் திரும்பும் மனம் வேண்டும். இவனிடம் அதுவும் இல்லை. இதைப் பாவசங்கீர்த்தனத்திற்கு எடுத்துக்காட்டாக நடத்துவோமாயின், மாணவருக்குக் கதையையும் தவறாகக் கற்பிப்போம். மறையையும் தவறாகக் கற்பிப்போம். (போ கத்தோலிக்கர் அல்லர். எனினும் 1846 முதல் ஃபோர்டாமில் குடியிருந்த காலத்தில், அருகிலிருந்த கல்லூரியின் இயேசு சபைக் குருக்களோடு நட்புப் பூண்டிருந்தார்.)

கதை சொல்பவனையே நம்பலாகாது என்னும் நோக்கு பின்னாளில் வகுப்பறைகளில் வேரூன்றியது. 1961இல் வெய்ன் பூத் என்னும் திறனாய்வாளர் அதற்கு ஒரு கலைச்சொல்லையும் தந்தார். தான் பித்தன் அல்லன் என்று ஒருவன் மீண்டும் மீண்டும் வற்புறுத்தும்போதே நாம் ஐயுற வேண்டும் அல்லவா? இதனால் பல ஆசிரியர்கள் வகுப்பையே நீதிமன்றமாக்கி, மாணவரை நடுவர் குழுவாக அமர்த்துகின்றனர். இதிலும் ஒரு பொருத்தம் உண்டு. கதை வெளியான அதே திங்களில்தான் இலண்டனில் டேனியல் மக்நாட்டன் என்பவர் பிரதமரின் செயலரைச் சுட்டார். சித்தப்பிரமையுற்றவர் எனத் தீர்ப்பாகி அவர் விடுவிக்கப்பட்டதைத் தொடர்ந்து, அவர் பெயராலேயே சட்ட விதிகள் எழுந்தன. தன் செயல் தீயது என்பதைக் குற்றவாளி அறிந்திருந்தானா என்பதே அவ்விதிகளின் உயிர்நிலை. பிணத்தை மறைத்தவன் அறியாதவன் ஆவானா என்று மாணவர் வாதிடும்போது வகுப்பு களைகட்டும்.

எனினும் அந்த நீதிமன்றத்தில் பேசப்படாத ஒருவர் உளர். அம்முதியவருக்கும் கதையில் பெயரில்லை. எட்டாம் இரவில் ஏதோ ஓசை கேட்டு விழித்து, இருளில் நெடுநேரம் அசையாது அமர்ந்து, மெல்ல முனகுகிறார். அம்முனகலைக் கொல்ல வந்தவன் உடனே அடையாளம் கண்டுகொள்கிறான். நள்ளிரவுகளில் தன் நெஞ்சின் ஆழத்திலிருந்தும் அதே முனகல் எழுந்ததுண்டு என்கிறான். அவருக்காக இரங்கவும் செய்கிறான். அந்த இரக்கத்தோடே உள்ளுக்குள் நகைத்தபடி வாசலில் நிற்கிறான். விளக்கின் மூடியை அவன் இன்னும் திறக்கவில்லை. நல்லாசிரியர் இங்கே வாசிப்பை நிறுத்தி, அடுத்த வரிக்குச் செல்லாமல், மாணவர்களைச் சற்று நேரம் அந்த இருளில் இருக்கச் செய்வார்.